இறகை நறுக்குவது காவலாகுமா?

வீட்டில் வளரும் பறவையின் சிறகிலுள்ள நீண்ட இறகுகளை நறுக்கிவிடும் வழக்கம் பல இல்லங்களில் உள்ளது. பறந்துபோய்ப் பூனையிடமோ காகத்திடமோ சிக்காமலும், சுழலும் மின்விசிறியில் அடிபடாமலும் காப்பதற்காகவே அவ்வாறு செய்வதாகக் கூறுவர். நோக்கம் நல்லதாயின் செயலும் நல்லதாகிவிடுமா? அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட இல்லறத்தார் இதனை ஆராய்தல் கடமையாகும்.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கூண்டு முதலாவதன்பாற்படும் என்பதில் ஐயமில்லை. இறகு நறுக்குவது மூன்றாவதன்பாற்படுமா என்பதே வினா.

"இறகு நகம் போன்றது, வெட்டினால் வலிக்காது, மீண்டும் முளைக்கும்" என்பது ஒரு சாராரின் வாதம். இதில் உண்மை உண்டு. முற்றி வளர்ந்த இறகில் உணர்ச்சி இல்லை; இறகுதிர் பருவத்தில் அது உதிர்ந்து புதியது முளைக்கும். ஆயினும் வளரும் நிலையிலுள்ள இறகின் தண்டில் குருதி ஓடுகிறது. அறியாது அதனை வெட்டினால் குருதி பெருகும். இறகிழந்த பறவை பழக்கத்தால் தாவும்போது நிலைகொள்ளாது விழுந்து மார்பெலும்பில் காயமடைவதும் உண்டு. ஓரளவே நறுக்கப்பட்ட பறவையைக் காற்று மதிலுக்கு அப்பால் கொண்டுபோய்விடும்; அங்கே பகைக்குத் தப்பும் ஆற்றல் அதற்கு இராது. காவல் எனும் நோக்கமும் நிறைவேறுவதில்லை.

வலியை மட்டும் அளந்து பார்ப்பதும் போதாது. உயிரின் பத்துப் பிராணன்களுள் உடல் வலிமையும் ஒன்றென்பது நம் ஆகமக் கொள்கை. பறத்தலே பறவையின் உடல் வலிமை. பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், பிராணனுக்குக் கேடு செய்வதே இம்சை என்பது மேற்கூறிய சூத்திரத்தின் வரையறை. மின்விசிறியை நிறுத்த மறந்தவர் நாம். சன்னலுக்கு வலை அடிக்காதவர் நாம். கவனமின்மை நம்முடையது, அதற்கான விலையைக் கொடுப்பதோ பறவையின் சிறகு.

அங்ஙனமாயின் கூண்டைத் திறந்துவிடலாமா எனில், அதுவும் தகாது. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அவற்றை வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை. நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்றழைக்கும் பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. கூண்டிலேயே பிறந்து, இரை தேடவும் பகையை அறியவும் பழகாத அதனை வானில் விடுவது ஜீவகாருண்யமன்று. புண்ணியம் கருதிச் சந்தையில் பறவைகளை விலைக்கு வாங்கி விடுவிப்பதும், பிடிப்போரின் வாணிகத்தையே வளர்க்கும். டெல்லி செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்திலுள்ள பறவை மருத்துவமனையில், அடிபட்டு வரும் புறா முதலியவற்றுக்குச் சிகிச்சை அளித்து, பறக்கும் வல்லமை பெற்ற பின்னரே விடுவிக்கின்றனர். விடுவித்தலுக்கும் விவேகம் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இல்லத்தில் ஏற்கெனவே உள்ள பறவைக்கு என் செய்வது? சன்னல்களுக்கு வலை அடித்து, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடியைத் திரையிட்டு மூடி, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, நாள்தோறும் சிறிது நேரம் அறைக்குள் பறக்க விடலாம். வெளியே கொண்டுசெல்வதாயின், ஹார்னெஸ் எனப்படும் மெல்லிய வாரை உடலைச் சுற்றி அணிவிக்கலாம். பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பை அசைத்தே அது மூச்சு விடுகிறது. ஆகவே வார் இறுகலாகாது. காலில் சங்கிலி பூட்டுதல் அறவே கூடாது. திடுமெனப் பறக்க எழுந்தால் கால் முறியும். இளமை முதல் பொறுமையாகப் பழக்க வேண்டும். மறுக்கும் பறவையை வற்புறுத்தலாகாது. கட்டுதல் எனும் குறை வாருக்கும் உண்டு. ஆயினும் வீடு திரும்பியதும் அதனைக் கழற்றிவிடலாம். நறுக்கிய இறகு மீள்வதற்கோ பல மாதங்கள் ஆகும். பறவையின் சொந்த நலனுக்காகக் கால்நடை மருத்துவர் கூறினாலன்றிக் கத்தரியை எடுத்தல் வேண்டா.

புதிதாக ஒரு பறவையை வாங்காதிருத்தலே தலையாய அறம். இருக்கும் பறவைக்காக நாம் திருத்த வேண்டியது அதன் சிறகையன்று. நம் வீட்டையும் நம் கவனத்தையுமே.