மதிப்பெண்ணும் மனநடுநிலையும்

2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், கொரோனா நோயின் காரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இரத்துச் செய்தது. அந்தமான் பள்ளிகளும் அவ்வாரியத்தைச் சார்ந்தவையே. எழுத்துத் தேர்வு மதிப்பெண், பத்தாம் வகுப்பிலிருந்து 30, பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டிலிருந்து 40 விழுக்காடாகக் கணிக்கப்பட்டு, ஜூலை 30இல் முடிவு வெளியாயிற்று. அவ்விரு திங்களும் பெற்றோர் மனம் அலையிடைத் தோணியாயிற்று.

பெற்றோரைப் பிரமனுக்கு ஒப்பிட்டார் பகவன். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை ஆகிய நான்கும் அவர்பால் விளங்குதல் வேண்டும். உபேட்சை பாராமுகமன்று, தம் கையில் இல்லாததற்குக் கலங்காமை. நடந்து முடிந்த மூவாண்டுப் பயிற்சியை நம் கலக்கம் மாற்றாது. அஞ்சியிருக்கும் பிள்ளையின் நெஞ்சையே அது சுடும். ஆதலால், முடிவை எதிர்நோக்கும் பெற்றோர், “மதிப்பெண் எதுவாயினும் நீ எம் பிள்ளையே” என்னும் சொல்லை, முடிவு வருமுன்னரே கூறுவாராக.