வறட்சியும் வினையும்

மழை பொய்ப்பதும் வெயில் வரம்பு மீறுவதும் வினைப்பயன் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பழமையானது. முற்பிறவிச் செயல்களே இப்பிறவி இன்பதுன்பங்களாய் விளைகின்றன என்னும் இக்கொள்கை, தனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ள ஒருவருக்குத் துணைநிற்கக்கூடும். ஆனால் பிறர் பசிக்கும் அதையே காரணமாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள அது இடம் தருகிறதா என்பதே கேள்வி.

1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள் இதற்கு நேராகவே விடை சொன்னார். வினைப்படி இறைவன் விதித்த பசியை மற்றவர் போக்குவது இறையாணைக்கு மாறாகாதா என்ற தடையை ‘ஜீவகாருணிய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் எடுத்துக்கொண்டு, பெருங்குற்றவாளிகளைச் சிறையிலிட்ட அரசனும் சேவகரைக் கொண்டு அவர்களுக்கு உணவளிக்கவே செய்கிறான் என்று காட்டி அவர் மறுக்கிறார். தண்டனை யாருடைய ஆணையானாலும் பட்டினி அதில் அடங்காது என்பது இதனால் பெறப்படும். வினைக்கொள்கையை விட்டுவிடாமலே அதிலுள்ள கொடுமையைக் களைந்த வாதம் இது.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1876இல், தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றியது. விதைப்பு நின்றதும் முதலில் கூலியாளின் வேலை போயிற்று. வாங்குவார் இன்றித் தறிகள் ஓய்ந்தன. தானிய விலையோ ஏறிக்கொண்டே போக, நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரணப் பணியில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி உயிரைத் தாங்காது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வினையின் பெயரைச் சொல்லாத ஆட்சியாளர்கள் சந்தை விதியின் பெயரால் அதே ஒதுங்கலைச் செய்தார்கள். உழைப்பாலோ உடைமையாலோ உணவைப் பெறும் வலுவை ‘உரித்துடைமை’ எனக் குறித்த பொருளியலாளர் அமர்த்தியா சென், உணவு இருக்கும்போதும் அவ்வுரிமை அறுந்தால் மக்கள் பட்டினியால் சாவர் என்பதை 1981இல் விரிவாக நிறுவினார்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டபோது, பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில் அளக்கப்பட்டது. நிலமற்ற கூலியாளுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தும் உப்பளத் தொழிலாளிக்கும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கும் இதே நிலைதான். நிவாரணக் கணக்கில் ஏக்கரோடு இழந்த வேலைநாளும் ஏற வேண்டும். அதுவரை வறட்சியை விதி என்று சொல்லும் உரிமை அரசுக்கும் இல்லை, பக்தருக்கும் இல்லை.