இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில்

நொடிக்கு 60 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். அதற்குள் கன்ட்ரோலரில் எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். எதிராளிகள் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். விழ வேண்டியது விழ வேண்டும், மோத வேண்டியது மோத வேண்டும். எலும்புகள் திரும்பி அவற்றின்மேல் தோல் இழுபட வேண்டும். ஒலி கிளம்ப வேண்டும். கடைசியில் வரைய வேண்டியதையெல்லாம் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த கையோடு மறுபடி முதலிலிருந்து. பதினேழு மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் அந்த ஃபிரேம் தவறிவிட்டது. ஆடுகிறவருக்கு ஏதோ திக்கியது என்று மட்டும் தெரியும்.

கடலூர் முதுநகரில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஹார்பர் பக்கத்து டீக்கடையில் ஒருமுறை ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, விளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"விளையாடுறவங்க நம்மள நெனைக்காம இருக்கறதுக்குத் தர்றாங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. நான் விளையாட்டாகச் சொல்லவும் இல்லை.

*

சிதம்பரத்தில் கோபுர வாசலைத் தாண்டி எல்லோரும் நேரே உள்ளே போகிறார்கள். எனக்குக் காரியம் வாசலிலேயே இருக்கிறது. இரு பக்கச் சுவர்களிலும் கட்டம் கட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லும் 108 கரணங்கள். கட்டத்துக்கு ஓர் உருவம். முழங்கால் மடிந்து, இடுப்பு ஒடிந்து, கை ஒன்று மார்புக்கு முன்னே, மற்றொன்று வீசிய வாக்கில். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

இவை நிலைகள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு கரணமும் ஓர் அசைவு, சிற்பி செதுக்கியது அந்த அசைவின் ஒரு கணத்தை மட்டும் என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆய்ந்து சொன்னார். சொன்னதோடு விடாமல் ஆடியும் காட்டினார். எங்கிருந்து கால் கிளம்பியது, எங்கே போய் முடிந்தது என்பது கல்லில் கிடையாது. அதை உரையிலிருந்தும் உடம்பிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டும்.

அனிமேஷன் புரோகிராமரிடம் இதைச் சொன்னால் அவர் ஆச்சரியப்பட மாட்டார். அவருக்கு வருவதும் இப்படித்தான். ஓவியர் கீஃபிரேம் கொடுக்கிறார்: இங்கே கை கீழே, இங்கே கை மேலே. நடுவிலுள்ளதை நாம் நிரப்ப வேண்டும். இரண்டின் சராசரியை எடுத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். எடுத்துப் பார்த்தால் பாதி வழியில் கை சுருங்கி, குட்டையாகி, மறுபடி நீளும். புள்ளிகள் நேர்கோட்டில் போகின்றன. கையோ தோளைச் சுற்றித் திரும்ப வேண்டிய பொருள். இந்தத் திரும்புதலைச் சரியாகக் கணக்கிட நாங்கள் நம்பியிருப்பது குவாட்டர்னியன் என்ற நான்கு எண்களின் தொகுப்பை. 1843இல் டப்ளினில் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருந்த கணித அறிஞர் ஹாமில்டனுக்கு அந்தச் சூத்திரம் பிடிபட்டது, அங்கேயே பாலத்துக் கல்லில் கீறி வைத்தார் என்பார்கள். அனிமேஷனில் அதைப் பயன்படுத்தும் வழியை 1985இல் கென் ஷூமேக் எழுதினார். கல்லில் கீறிய ஒன்றைக் கொண்டு கல்லில் நின்றுபோனதை அசைக்கலாம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. வேறு யாருக்கும் இது முக்கியமில்லை என்பதும் தெரியும்.

ஜோர்டன் மெக்னர் இதற்கு நேர்மாறான வழியில் போனார். தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அதிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக உருவத்தைப் பிரதியெடுத்தார். 1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் அந்த இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்புக்கு எடை இருப்பது தெரியும். தம்பியின் எடை அது.

தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் இதே கரணங்கள் இன்னும் பழையவையாக இருக்கின்றன. அங்கே 81 தான் செதுக்கி முடிந்தது. மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. காரணம் என்ன என்று அறிஞர்கள் பல ஊகங்கள் சொல்வார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஊகம் தேவையில்லை: ரிலீஸ் தேதி வந்திருக்கும்.

(சிதம்பரத்தைப் பற்றி எழுதினால் ரகசியத்தையும் வெட்டவெளியையும் இழுத்து வந்து இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே வைக்கச் சொல்லிக் கை பரபரக்கும். வேண்டாம். அது பெரிய இடம்.)

*

1690. எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் எலிஹு யேல் கவர்னராக இருந்த காலம். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஓர் அளவு வைத்தார்கள்: பீரங்கியை நாலாபக்கமும் சுடுவது, குண்டு விழும் தூரம்வரை கம்பெனிக்கு. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட். குண்டு உப்பலவாடி என்று ஊர்ப்பெயரிலும், குண்டு சாலை என்று சாலைப்பெயரிலும் அந்தச் சூடு இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு புள்ளி, ஓர் ஆரம், உள்ளே இருக்கிறாயா வெளியே இருக்கிறாயா. நான் அன்றாடம் எழுதும் நிரல் இதுதான். எதிரி உன்னைப் பார்த்துவிட்டானா, வெடிப்பில் அடிபட்டாயா, கதவு திறக்கும் தூரத்தில் நிற்கிறாயா, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. தூரத்தைக் கண்டுபிடிக்க வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் தூரத்தின் வர்க்கத்தையும் ஆரத்தின் வர்க்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கம்பெனியின் பீரங்கிக்காரர்களும் கணக்கை மிச்சப்படுத்தியவர்கள்தான். எங்கே விழுகிறதோ அங்கே கல் நட்டால் போதும் என்பது அவர்களுக்குச் சௌகரியம். உள்ளே அகப்பட்ட ஊர்க்காரர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குண்டு என்றால் இன்னொரு தொல்லை உண்டு. நொடிக்கு 300 மீட்டர் போகும் ஒன்றை நொடிக்கு அறுபது தடவை மட்டும் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அது 5 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். நடுவில் ஒரு சுவர், ஒரு சாண் கனம். இந்த ஃபிரேமில் குண்டு சுவருக்கு இந்தப் பக்கம். அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கம். எந்த ஃபிரேமிலும் அது சுவரைத் தொடவில்லை. கணினியைப் பொறுத்தவரை மோதல் நடக்கவே இல்லை. குண்டு சுவரினூடே போய்விட்டது. டன்னலிங் என்போம். சரிசெய்ய, குண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேம்வரை ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு எதையாவது வெட்டுகிறதா என்று கேட்க வேண்டும்.

விளையாட்டில் ஒரு பொருள் நடுவழியில் இருப்பதே கிடையாது. நாம் கேட்டால்தான் உண்டு. 1690இல் சுட்ட குண்டுக்கு இந்தச் சலுகை இல்லை. தேவனாம்பட்டினத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவிலிருந்த ஒவ்வொரு தென்னையின் மேலும் அது பறந்தே ஆக வேண்டும்.

*

மேடையின் விளிம்பிலிருந்து ஆள் கீழே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் ஆடுகிறவர் தாவும் பொத்தானை அழுத்துகிறார். கறாராகப் பார்த்தால் காலுக்குக் கீழே தரை இல்லை, தாவ முடியாது. ஆனால் சில ஃபிரேம்கள்வரை தாவ விடுவோம். கயோட்டி டைம் என்று பெயர். பாறை முடிந்த பிறகும் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூன் கயோட்டியை வைத்து வந்தது. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ மிகக் கடினமான விளையாட்டு என்று பேர் வாங்கியது. அதற்குள் இப்படிப்பட்ட மன்னிப்புகள் நிறைய. ஆடுகிறவர் தான் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

தற்செயலாகக் கிடைப்பவையும் உண்டு. 1978இல் நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ எழுதியபோது, திரையில் எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகம் கூடியது. வரைய வேண்டியது குறைந்ததால் இயந்திரம் சீக்கிரம் முடித்துவிட்டது, அவ்வளவுதான். அவர் அதைத் திருத்தவில்லை. பிறகு வந்த எத்தனையோ விளையாட்டுகள் வேண்டுமென்றே செய்ததை அவருடைய சிப் தாமதத்தால் செய்துகொடுத்தது.

*

தொழிலைப் பற்றியும் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் இது பெரும்பாலும் அடுத்தவர் விளையாட்டுக்கு ஆள் கொடுக்கும் தொழிலாகவே வளர்ந்தது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா இன்டர்ஆக்டிவ் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குக் காரும் கட்டடமும் மரமும் செய்து கொடுத்தே பெரிதாகி, 2019இல் ராக்ஸ்டார் கைக்குப் போனது. சொந்தமாகச் செய்தவர்களும் உண்டு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020இல் ‘ராஜி’யைக் கொண்டுவந்தது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆயிரக்கணக்கில் வேலை போயிற்று. லாபம் வந்த இடங்களிலும்தான்.

நான் முன்பு இருந்த ஓரிடத்தில், ஆண்டுக்கணக்காகச் செய்த விளையாட்டு ஒன்றை ஒரு வீடியோ காலில் நிறுத்தினார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அதன் பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது. அதில் ஒரு பெண் ஈர மணலில் நடப்பாள். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் புதைந்து, விரல்கள் மண்ணைத் தள்ளி எழும். சில்வர் பீச்சில் மாலை நேரத்தில் ஆட்கள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எழுதிய நிரல். அவள் எந்தக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. இந்தத் தொழிலில் எழுதப்படுவதில் கணிசமான பங்கு இப்படித்தான் சர்வரில் படுத்துக் கிடக்கிறது. வருத்தம் இருக்கிறது. ஆனாலும் அந்த நடை சரியாக வந்த இரவின் மகிழ்ச்சியை ஒப்பந்தம் எதுவும் திரும்பக் கேட்கவில்லை.

*

‘வெண்பா’ 2023 ஜூலை 31 அன்று வந்தது. டொரன்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம்: வெண்பா, பாவலன், பிள்ளை கவின். அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. இல்லாத வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருது கிடைத்தது.

முதல் சமையல் இட்லி. ஆவி ஒழுங்காக ஏற வேண்டுமானால் தட்டுகளை எப்படி அடுக்குவது? இதுதான் புதிர். சுடுவதும் துரத்துவதும் இல்லை. தப்பாகச் செய்தால் தண்டனையும் இல்லை, மறுபடி செய்யலாம். நம் வீட்டுப் பெண்களில் யாரானாலும் கன்ட்ரோலரைத் தொடாமல் இதற்கு விடை சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து, ஆடத் தெரியாதவர்கள் ஆடத் தெரிந்தவர்களை முந்திக்கொண்ட விளையாட்டு இது ஒன்றுதான். நோட்டில் அழிந்துபோன வரிகளுக்கு முன்னும் பின்னும் தெரிந்ததை வைத்து நடுவிலுள்ளதை வெண்பா நிரப்புகிறாள். என் வேலையை அவள் என்னைவிட நிதானமாகச் செய்கிறாள்.

*

முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. இந்தப் பெயர்கள் என் கணினியில் ஒரு ஃபைலில் இருக்கின்றன. புதிதாக ஒரு கேம் இன்ஜின் கைக்கு வந்தால் முதலில் இவற்றைத்தான் திரையில் எழுதிப் பார்ப்பேன்.

தமிழைக் கணினி சேமித்து வைக்கும் வரிசை ஒன்று, திரையில் தெரிய வேண்டிய வரிசை வேறு. ‘ளை’ என்பதில் ள முதலிலும் ஐகாரக் குறி பின்னாலும் சேமிக்கப்படும். கண்ணுக்குக் குறிதான் முன்னே வர வேண்டும். ‘பு’வில் பகரமும் உகரக் குறியும் கலந்து ஒரே வடிவமாக வேண்டும். இந்த மாற்றிக் கோர்க்கும் வேலையைச் செய்யாத இன்ஜின்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் தமிழ் எழுத வேண்டி, பாமினி காலத்துப் பழைய எழுத்துரு உத்திகளுக்குத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. 2023இல் வந்த கோடோ 4 தன்னுள்ளேயே ஹார்ஃப்பஸ் என்ற நிரலை வைத்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஆலப்பாக்கம் எங்கும் தப்பிவிடும், காலை வலப்பக்கம் ஒட்டினால் போதும். சிதம்பரமும் ஏறக்குறையத் தேறிவிடும். புதுச்சத்திரம் முதலிரண்டு எழுத்திலேயே உடையும், முதுநகரும் அப்படியே. பரங்கிப்பேட்டையில் இரண்டு இடத்தில் இடறும். கிள்ளையில் கடைசி எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய குறி பின்னால் போய் நிற்கும். ஆனாலும் சிதம்பரத்தோடு பட்டியலை முடித்துவிட முடியாது. ஓர் எழுத்தின் இரு பக்கமும் குறி வர வேண்டிய ஊர் இந்தப் பக்கத்தில் அகப்படவில்லை. அதற்காக வல்லம்படுகையையும் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த ஸ்டேஷனான கொள்ளிடம்வரை போக வேண்டியிருக்கிறது.