கூப்பிட்ட குரல்

அந்தப் புழு எங்கே விழுந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டபாடில்லை.

போன மே மாதம், கொடைக்கானலைத் தாண்டி பேரிஜம் ஏரி. வனத்துறை அனுமதிச் சீட்டு, பனிமூட்டம், பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகும் அந்த அசையாத தண்ணீர். கரையோரச் சோலைக்காட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். கருநீல உடலும் வெள்ளை வயிறுமாக ஒரு ராபின் பறவை அங்கே உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளைவிட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. புதருக்கடியில், தரையோடு தரையாகத் திரியும். லேசில் வெளியே வராது. பொறுமை தீர்ந்து, கைபேசியில் வைத்திருந்த அதன் பாட்டை ஒலிக்கவிட்டேன்.

வந்துவிட்டது. அலகில் புழு.

தன் இடத்தில் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று நினைத்திருக்கும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடியது. பதில் பாட வாய் திறந்தது, புழு விழுந்தது. அந்த நொடியில் படமெடுத்தேன்.

மே அதற்குக் குஞ்சு வளர்க்கும் காலம். யாருக்குக் கொண்டுபோன புழுவோ.

எங்கள் ஆச்சி அமாவாசையன்று இலையில் சோறு வைத்த பிறகுதான் காக்கையைக் கூப்பிடுவாள். ஏழு வயதில் ஒருநாள் விளையாட்டாக, மொட்டை மாடியில் நின்று அவள் குரலிலேயே 'கா, கா' என்றேன். நான்கைந்து காக்கைகள் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தன. ஆச்சி திட்டவில்லை. வடித்த சோற்றில் ஒரு கரண்டி அள்ளி வந்து வைத்தாள். "கூப்பிட்டுட்டேல்லா, போட்டுத்தான் ஆகணும்" என்றாள்.

பறவையியலாளர் சாலிம் அலியின் சுயசரிதையில் ஒரு குருவி வேட்டை வரும். லாயச் சுவரில் கூடு வைத்த ஆண் குருவியைச் சிறுவன் சாலிம் சுடுவான், பெண் குருவி வேறொரு ஆணைச் சேர்த்துக்கொள்ளும், அதையும் சுட்டுக் குறித்துவைப்பான். அந்தச் சிறுவயதுக் குறிப்பு பின்னாளில் பறவையியலுக்கே ஒரு செய்தியாயிற்று. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அந்தப் பையனிடமாவது ஒரு குறிப்பேடு இருந்தது. என்னிடம் இருப்பது ஒரு படம்.

பாட்டு போடாமல் இருந்திருந்தால் குற்றமில்லையா? அதன் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேனே, அதற்கென்ன பெயர்? பார்க்கவே போகாதே என்று என்னிடம் நானே சொல்லவும் மனம் வரவில்லை. அந்த நீலத்தைப் பார்த்ததில் எனக்குண்டான சந்தோஷம் பொய்யில்லை.

இரவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். திறந்த அலகு, காலியாக. கீழே பாசியில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. புழுவென்றால், நான் நகர்ந்ததும் பறவை திரும்பி வந்து எடுத்துப் போயிருக்கலாம். சில நாள் அது புழுவாகத் தெரிகிறது. சில நாள் வேராக.