கலத்தில் சாதி உண்டா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலையொன்றின் விஞ்ஞானகூடத்தில் மாணவனொருவனின் செய்முறைக் கொப்பியைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி அவன் வரைந்த படம் அதில் இருந்தது. செங்கல் அடுக்கினாற்போன்ற நீண்ட கலங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கலச்சுவர். ஓரத்தே ஒதுங்கிய கரு. அவ்வளவே. படத்தின் அருகே சிவப்பு மையில் ஒரு வினா: 'பச்சையவுருமணி எங்கே?' அதற்காக இரண்டு புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன.

உண்மையில் அங்கே பச்சையவுருமணி இல்லை. வெங்காயம் நிலத்துள் ஒளி காணாது கிடக்கும் உறுப்பு. உணவைச் சேமிப்பது அதன் வேலை. ஒளியைக் கொண்டு உணவு ஆக்குவது அன்று. பாடப்புத்தகத்திலுள்ள 'தாவரக் கலம்' என்னும் படமோ எந்த ஒரு தாவரத்தினதும் படமன்று. பல கலங்களிலிருந்து தெரிந்தெடுத்த உறுப்புகளை ஒன்றுசேர்த்துக் கற்பிப்பதற்கென ஆக்கப்பட்டது. ஏனைய மாணவர் அப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, தாம் காணாத பச்சையை நிறப்பென்சிலால் தீட்டி முழுப்புள்ளி பெற்றிருந்தனர். ஒருவன் நீருட் சிக்கிய காற்றுக்குமிழியைக் கரிய விளிம்புடன் வரைந்து, அதற்கும் 'கலம்' என்று பெயரிட்டிருந்தான்! அவனாவது கண்டதை வரைந்தான் என்று நாம் மகிழ்ந்தோம்.

அடுத்த பக்கத்திலே கன்னக் கலங்கள். தத்தம் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, வழுக்கியிலே தடவி, மெதிலீன் நீலம் இட்டு, நானூறு மடங்கு பெருப்பித்து நோக்குகையில், ஒழுங்கற்ற மெல்லிய தகடுகளும் நடுவே நீலப் பொட்டுப் போன்ற கருவும் தெரிகின்றன. ஒரு மில்லிமீற்றரில் பதினைந்துக்கு மேற்பட்ட கலங்களை வரிசையாக வைக்கலாம். பக்கத்து வாங்கில் இருப்பவனின் கலத்தையும் தன் கலத்தையும் மாற்றி வைத்தால், எது எவனுடையது என்று ஒருவனாலும் சொல்ல இயலாது.

இவ்விடத்திலேதான் முற்போக்கு எண்ணங் கொண்ட ஆசிரியர் பலர் ஒரு கணம் நிறுத்தி, 'பார்த்தீர்களா, கலத்தில் சாதி இல்லை' என்று சொல்வதுண்டு. நாமும் மேடைகளில் அதனைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களே. ஆயினும் அந்த வாதம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இப்பொழுது ஐயுறுகின்றோம்.

கலங்கள் ஒத்திருப்பதனால் மனிதர் சமமெனின், கலங்கள் வேறுபட்டால் மனிதர் சமமற்றவர் ஆகிவிடுவரோ? அரிவாள் வடிவான செங்குருதிக் கலங்களோடு பிறப்போர் உளர். அவர்தம் குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும். அதனால் அவர்தம் மனித உரிமை அணுவளவேனும் குறைவதில்லை. மேலும், நம் கன்னக் கலத்தைப் போன்ற கலம் ஆட்டின் வாயிலும் உண்டு. ஆட்டுக்கு வாக்குரிமை கோரி எவரும் எழுந்திலர். ஆகவே சமத்துவம் என்பது வழுக்கியின் மீது கண்டெடுக்கப்படும் பொருளன்று. அது மனிதர் மனிதர்க்குத் தரவேண்டிய கடமை. தராதவிடத்துப் போராடிப் பெறவேண்டிய உரிமை.

காட்சி ஒன்றே போதுமாயின், கலக் கொள்கை பிறந்த ஜேர்மன் நாடே முதலில் திருந்தியிருத்தல் வேண்டும். 1838இல் தாவரங்களைப் பற்றி ஸ்கிளைடனும், 1839இல் விலங்குகளைப் பற்றி ஸ்வானும், உயிர்கள் யாவும் கலங்களால் ஆனவை எனக் கூறினர். கலங்கள் கலங்களின் பிரிவினாலேயே தோன்றுகின்றன என்பதைத் தெளிவாகக் கண்டவர்களுள் முதல்வர் பேர்லினில் உழைத்த றொபேட் றேமாக். அவர் யூதர், ஞானஸ்நானம் பெற மறுத்தவர். அக்காரணத்தால் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி இறுதிவரை கிட்டவில்லை. 1855இல் அதே கருத்தை உலகறிய முழங்கியவர் விர்க்கோ. றேமாக்கின் பெயரை அவர் சொன்னாரில்லை. மறு ஆண்டே விர்க்கோ பேர்லினில் பேராசிரியர் ஆனார்.

இதே விர்க்கோ சிறியவரும் அல்லர். 1848இல் மேற் சிலேசியாவில் பரவிய காய்ச்சலை ஆராயச் சென்று, அதன் வேர் வறுமையும் அடக்குமுறையும் என்றும், மருந்து கல்வியும் மக்களாட்சியும் என்றும் அரசுக்கே எழுதிய இளைஞர் அவர். பிற்காலத்தில் அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் முடியையும் கண்ணையும் தோலையும் கணக்கெடுப்பித்து, 1886இல் முடிவுகளை வெளியிட்டார். ஜேர்மன் பிள்ளைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே பொன்முடியும் நீலக்கண்ணும் உடையோர். யூதப் பிள்ளைகளிலும் நூற்றுக்குப் பதினொருவர் அத்தகையோர். தூய இனம் என்ற கதை எண்களால் உடைந்தது. ஆனால் 1935இல் நூரம்பேர்க் சட்டங்கள் எழுதப்பட்டபோது அந்த எண்களை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. றேமாக்கின் பேரர், அதே பெயர் தாங்கிய கணித அறிஞர், 1942இல் அவுஸ்விற்சில் மாண்டார்.

நம் குடாநாட்டின் கதையும் இதற்கு மிகத் தொலைவில் இல்லை. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மனித உடலின் அமைப்பைத் தமிழ் நூல்களில் படித்து வைத்தியர் ஆனோர் பலர். இருந்தும், 1929இல் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென்ற பணிப்பு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டன. 1957இல் சட்டம் வந்த பின்னும் தேநீர்க்கடைகளில் தனிக் கலம் ஒழியவில்லை. ('கலம்' என்ற சொல்லைப் பாருங்கள்! விஞ்ஞானகூடத்தில் எல்லோருக்கும் ஒரே கலம். வீதியில் ஆளுக்கொரு கலம்.) அதனை அசைத்தது 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ் நகர் நோக்கி நடந்த ஊர்வலமும், தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து அமர்ந்தோரும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோவில் வாயிலில் நின்றோருமே. அவர்களிற் பெரும்பாலோர் நுணுக்குக்காட்டியைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அப்படியாயின் அக்கருவி அறத்துக்கு உதவாதா? உதவும்; ஆனால் நாம் எண்ணிய வழியில் அன்று. கண்டதை வரை, காணாததை வரையாதே என்று அது பழக்குகிறது. இப்பழக்கம் எளிதன்று. குறிப்பாக, 'இப்பொழுது யாழ்ப்பாணத்தில் சாதி இல்லை' என்று கற்றோரே கூறும் இந்நாளில் அது மிக அரிது. அக்கூற்றும் வெங்காயத் தோலில் தீட்டிய பச்சைதான். மணமக்கள் தேவை விளம்பரங்களைப் படிப்பவர்க்கும், 2009இல் போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் குடாநாட்டு முகாம்களில் எஞ்சிக் கிடந்தோருள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் எத்துணைப் பேர் என்று கண்டவர்க்கும் அந்தப் பச்சை எங்கும் தென்படாது. அவ்வாறு தென்படவில்லை என்று எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி தருவோமா, குறைப்போமா?

கொப்பியை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடமே சென்றோம். அவர் முதலில் சற்றுச் சினந்தார். பரீட்சைத் தாளில் கேட்பார்களே என்றார். அதுவும் நியாயமே. பின்பு மதிய உணவுப் பொதியிலிருந்து சின்ன வெங்காயம் ஒன்றை எடுத்துத் தோலை உரித்தார். அது பழைய கருவி. விளக்கில்லை, கீழே வட்டக் கண்ணாடி. 1990க்குப் பின் மின்சாரமற்றிருந்த ஆண்டுகளிலும் அத்தகைய கருவிக்கு வெயில் ஒன்றே போதுமாயிருந்தது. யன்னலோரம் வைத்துக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஒளியைப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிவப்பு வினாவின் மீது ஒரு கோடு இழுத்தார், முழுப்புள்ளி இட்டார், வகுப்புத் தலைவனை அழைத்து, மற்றைய கொப்பிகள் அனைத்தையும் மீண்டும் வாங்கி வரும்படி சொன்னார்.