மாற்றும் மருத்துவமும் கேட்கும் மருத்துவமும்

"சாமி, தலைமேல் கைவைத்துச் செபித்து இவனை மாற்றிவிடுங்கள்" என மன்றாடும் பெற்றோர் பங்குத்தந்தையர்க்குப் புதியவரல்லர். ஆணெனப் பதியப்பட்ட பிள்ளை தன்னைப் பெண்ணாக உணர்கிறது. அல்லது பெண்ணெனப் பதியப்பட்ட பிள்ளை ஆணாக உணர்கிறது. தீய ஆவி என்பார் சிலர், நோய் என்பார் பலர். மாவட்ட ஆட்சியரகம் அமைந்துள்ள நம் வேங்கிக்காலில் மக்கள் மனுக்களோடு வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். இக்கவலையை மனுவாக எழுதத் துணிவோர் அரியர். அது இருட்டிய பின்னரே பங்குத்தந்தையின் இல்லக் கதவைத் தட்டுகிறது.

பிள்ளையை மாற்ற முயல்வது அன்பாகுமா? பெற்றோரின் அச்சம் பொய்யன்று; ஊர்ப் பேச்சு, திருமணம், முதுமை என அவர்களுக்குக் கவலைகள் ஆயிரம். ஆயினும் அச்சத்திற்கு மருந்து வேண்டியவர் பெற்றோர். மருந்தை விழுங்குவதோ பிள்ளை.

2021-ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், தம் அன்பைப் பெற்றோர் எதிர்த்தமையால் சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு வேண்டினர். அவ்வழக்கு பாலீர்ப்பைப் பற்றியது. பாலின உணர்வைப் பற்றியதன்று. எனினும் அதன் தீர்ப்பு இரண்டையும் தழுவியது. நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாதென வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்டார். தீர்ப்பிடும் இருக்கையில் இருப்பவர் மாணவராவது எளிதன்று. மறையுரை மேடையில் நிற்கும் நமக்கும் அது எளிதன்று. அவ்வாண்டு ஜூன் 7-இல் அவர் பிறப்பித்த ஆணை, ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. அத்தகைய சிகிச்சை தொழில்நெறிக்கு மாறான செயலெனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், இவ்வுணர்வை மனநோய்கள் வரிசையிலிருந்து நீக்கியுள்ளது.

'ஏற்புச் சிகிச்சை' என்றதும் கத்தியும் ஊசியும் நினைவுக்கு வருவது ஏனோ! பிள்ளை சொல்வதை இகழாது கேட்பதும், அதன் மனச்சுமையைக் குறைப்பதும், பெற்றோரையும் உடன் நடத்துவதுமே இச்சிகிச்சையின் முதற்பணி. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு எத்திசையிலும் பிள்ளையைத் தள்ளுவது ஏற்பாகாது. உடலில் செய்யும் மாற்றங்கள் வேறு வினா. வளரிளம் பருவத்தினர்க்கான மருந்துகளைக் குறித்து இங்கிலாந்தின் காஸ் அறிக்கை 2024-இல் எச்சரித்தது. அதே ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட 'எல்லையற்ற மாண்பு' என்னும் ஏடும் பால்மாற்றச் சிகிச்சையைப் பொதுவாக ஏற்கவில்லை. இவற்றைச் சான்றாகக் காட்டிப் பிள்ளையை அடிக்கவோ அறையில் பூட்டவோ உரிமை கோருவோரும் உளர். அந்த ஏடே ஒவ்வொருவரின் மாண்பையும் எந்நிலையிலும் மதிக்கப் பணிக்கிறது. மனச்சான்று என்பது மனிதர் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அவ்வறைக்குள் பிரம்போடு நுழைய நாம் யார்?

எத்தியோப்பிய அண்ணகரின் தேரில் ஏறிய பிலிப்பு, அவருடைய உடலைக் குறித்து ஒரு சொல்லும் கேட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூலில் இல்லை. அவர் வாசித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே பேசத் தொடங்கினார்.

ஆகவே பெற்றோரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது ஒன்றைச் சொல்கிறோம். "இவனை மாற்றித் தருவீர்களா?" என்று அங்கே கேட்க வேண்டாம், "இவன் தனியே பேச நேரம் தருவீர்களா?" என்று கேளுங்கள்.