நான்காம் இடமும் நான்காம் திருமுறையும்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிக் கடைவீதிகளில் 1980களில் கேசட் ரெக்கார்டிங் கடைகள் நிறைய இருந்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து சில நாளில் தருவார்கள். பட்டியல் என்பது பெரும்பாலும் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு பிடிக்கும், தப்பினால் ஏழு. வாடிக்கையாளரோ இருபது பாட்டு எழுதியிருப்பார். கடைக்காரர் ஒவ்வொரு பாட்டின் எதிரிலும் பென்சிலால் நிமிடத்தைக் குறித்துக் கூட்டிப் பார்த்து, “இதுல எட்டு அடிக்கோணுமுங்க, எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்பார். எதை அடிப்பது என்பதோடு எது எங்கே வருவது என்பதும் பிரச்சினைதான். பக்கத்தின் கடைசிப் பாட்டு, நாடா தீர்ந்து பாதியில் அறுந்து நிற்கக்கூடும். உயிரான பாட்டை யாரும் அங்கே வைக்க மாட்டார்கள். அதற்கு ஏ பக்கத்தின் முதலிடம்.

இன்று நாடா இல்லை, நிமிடக் கணக்கு இல்லை. பட்டியல் போடுவது மட்டும் நிற்கவில்லை. கோவையின் ஏதாவதொரு பேக்கரி வாசலில் டீயோடு நிற்கும் நண்பர்கள் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) முதலிலா, ரஹ்மானின் ‘ரோஜா’ (1992) முதலிலா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வாதம் சூடேறக் காரணம் இருக்கிறது. ‘எனக்கு இது பிடிக்கும்’ என்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. ‘எல்லாக் காலத்துக்கும் இதுதான் சிறந்தது’ என்கிறார்கள். சில பத்தாண்டுகளே கேட்கக் கிடைத்த ஒரு காது, எல்லாக் காலத்துக்குமாகத் தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு இசையைப் பற்றிய உண்மையா, கேட்டவரைப் பற்றிய உண்மையா என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. தமிழ்ச் சமய மரபும் இதைத் தன் வழியில் எதிர்கொண்டிருக்கிறது.

முதலில் இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தெரிவு செய்வது ஒன்று, தரவரிசை இடுவது வேறு. கேசட் கடையில் நடந்தது தெரிவு. இடம் போதாது, ஆகவே சிலவற்றை மட்டும் எடுக்க வேண்டும். சைவத்தில் இதற்கு நேர் முன்னோடி உண்டு. மூவர் தேவாரத்தில் இன்று கிடைப்பவை ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள். முழுவதையும் நாள்தோறும் ஓத இயலாதவர்களுக்காக இருபத்தைந்து பதிகங்களை மட்டும் எடுத்து, குருவருள், கோயில், திருவடி, அருச்சனை என்பன போன்ற எட்டுத் தலைப்புகளில் அடுக்கிய தொகுப்பு ஒன்று உண்டு. அதற்கு ‘அகத்தியர் தேவாரத் திரட்டு’ என்று பெயர். சிவாலய முனிவருக்காக அகத்தியர் தெரிந்தெடுத்தார் என்பது மரபு. இருபத்தைந்தை ஓதினால் முழுவதையும் ஓதிய பயன் உண்டு என்று நம்பினார்கள். விடுபட்ட பதிகங்கள் தாழ்ந்தவை என்று எவரும் சொல்லவில்லை. சிவன் கோயில் வழிபாட்டில் ஓதுவார் பாடும் பஞ்சபுராணமும் இப்படித்தான். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாட்டு. ஐந்தில் முதலில் வருவது தேவாரம். அதனால் கடைசியில் வரும் பெரியபுராணத்துக்கு ஐந்தாம் இடம் என்று பொருளாகாது.

திருமுறைகளின் எண்களும் அத்தகையவையே. சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று, அப்பர் பாடல்கள் அடுத்த மூன்று, சுந்தரர் பாடல்கள் ஏழாவது, மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாவது. சம்பந்தரைவிட வயதில் மிக மூத்தவர் அப்பர். அவர் பாடல்கள் நான்காவதாக வைக்கப்பட்டதைக் குறை என்று ஒரு சைவரும் எண்ணியதில்லை. எண் இங்கே ஒரு முகவரி. தேடுகிறவருக்கு வழி காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

தரவரிசையில் எண் வேறு வேலை செய்கிறது. பிபிசி உலக சேவை 2002இல் தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகின் விருப்பமான பாடல் எது என்று நேயர்களிடம் வாக்கெடுத்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. முதலிடம் அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய தேசப்பாடலுக்கு. இரண்டாவது ‘வந்தே மாதரம்’. மூன்றாவது பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’. நான்காவது, ‘தளபதி’ (1991) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது, திருமலைச் சந்திரனின் ஈழத்துப் பாடல். குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாவது. இந்த வரிசையைப் படிக்கிற எவருக்கும் ஒன்று புலப்படும்: முதல் ஐந்து இடங்களும் தம் பாட்டுக்காகத் திரண்டு நின்ற மக்கள் கூட்டங்களின் அளவு. மெட்டு, தாளம், பின்னணி இசையின் நுட்பம் ஆகியவற்றை அந்த வாக்கு அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. அயர்லாந்துக்காரரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஈழத்தவரும் தங்கள் நாட்டையோ மொழியையோதான் அந்தச் சீட்டில் எழுதினார்கள்.

நான்காம் இடம்பெற்ற அந்தப் பாட்டின் நடுவே, கொட்டும் குலவையும் ஓய்ந்து கோயில் ஓதல் ஒன்று நுழைகிறது. அது தில்லை நடராசரைக் கண்டு அப்பர் பாடியது. நான்காம் திருமுறையைச் சேர்ந்தது. அந்தத் திருமேனியைக் காண முடியுமானால் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்பது அதன் கருத்து. ஒரே இசையில் இரண்டு நான்குகள் சந்திக்கின்றன. வாக்குகள் சற்றுக் குறைந்திருந்தால் முதல் நான்கு, ஆறாகவோ ஒன்பதாகவோ ஆகியிருக்கும். இரண்டாவது நான்கு எந்த வாக்காலும் நகராது.

வல்லுநர்களின் வரிசைகளும் நகர்பவைதான். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட ஐந்நூறு சிறந்த ஆல்பங்களில் முதலில் இருந்தது பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’. 2020இல் புது நடுவர்களைக் கொண்டு மறுபடி போட்டபோது மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலுக்கு வந்தது; ‘சார்ஜன்ட் பெப்பர்’ 24ஆம் இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அந்த இரு தட்டுகளிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை.

அப்படியானால் எல்லாமே அவரவர் ருசிதானா? இந்த முடிவுக்குத் தாவுவது எளிது, ஆனால் தவறு. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1757இல் எழுதிய கட்டுரையில், ருசிக்கும் ஒரு தரம் உண்டு என்று வாதிட்டார். நுட்பமான புலன், நீண்ட பயிற்சி, பலவற்றை ஒப்பிட்ட அனுபவம், சார்பின்மை ஆகியவை உடையவர்களின் ஒருமித்த தீர்ப்பே அந்தத் தரம் என்றார். 1790இல் இம்மானுவேல் கான்ட் வேறு கோணத்தில் வந்தார்: அழகைப் பற்றிய தீர்ப்பு உணர்விலிருந்து பிறந்தாலும், எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற கோரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது, நிரூபிக்கத்தான் முடியாது. பேக்கரி வாசல் வாதம் ஏன் ஓய்வதில்லை என்பதற்குக் கான்ட் சொன்னது பொருத்தமான விளக்கம்.

ஹ்யூம் கேட்ட தரத்துக்குக் கொங்கு நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கொங்கு மண்டலத்து நிரம்பையைச் சேர்ந்தவர் என்று அறியப்படுகிறார். தமிழிசையின் நுணுக்கங்களில் பலவற்றை இன்று அறிவதற்கு அவர் உரையே வாயில். அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோ அடுக்குகிறார். அடியார்க்குநல்லார் அவற்றைப் பழைய இசைநூல்களின் துணையோடு விரிக்கிறார். யார் சரியாக வாசிக்கிறார், யார் பிசகுகிறார் என்பதில் அங்கே ருசிக்கு வேலையில்லை. கற்றவர் கண்டு சொல்லலாம். ஆக, ஒரு பாட்டில் தொழில் தேர்ந்திருக்கிறதா என்பதற்கு அளவுகோல் உண்டு. தேர்ந்த இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்கும்போதுதான் அளவுகோல் கையைவிட்டு நழுவுகிறது. அதே காதையில் மாதவி தலைக்கோல் பெறுகிறாள், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பரிசு பெறுகிறாள். கலைக்குத் தரமும் விலையும் குறித்த அந்த நாளிலிருந்துதான் கோவலனின் வாழ்வு சரியத் தொடங்குகிறது என்பதையும் காப்பியம் மறைக்கவில்லை.

இந்த நழுவும் இடத்தைப் பெரியபுராணம் ஒரு நிகழ்ச்சியாகவே காட்டுகிறது. சம்பந்தரின் பதிகங்களுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்து வந்தார். தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், யாழின் சிறப்பால்தான் பதிகத்துக்குப் பெருமை என்று பேசினார்கள். பாணர் மனம் கலங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று வேண்ட, சம்பந்தர் பாடினார். யாழில் அது அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கி, கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசிக்கலாம் என்று திருப்பிக் கொடுத்தார். எது மேல் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த பிறகும் கீழே போன யாழை யாரும் எறியவில்லை. இறுதிவரை பாணர் சம்பந்தரோடு யாழ் வாசித்தபடியே போனார். தரவரிசையில் இறங்கிய தட்டைக் கேட்பதையே விட்டுவிடும் ரசிகர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பகுதி தெரிந்திருக்க வேண்டும்.

மிகப் பெரியது எது என்ற கேள்வியை அவ்வை பெயரில் வழங்கும் தனிப்பாடல் இன்னொரு வகையில் கையாள்கிறது. ‘கந்தன் கருணை’ (1967) படத்தில் அவ்வையாகத் தோன்றி முருகனின் கேள்விகளுக்குப் பாட்டால் விடை சொன்னவர் கே.பி.சுந்தராம்பாள், காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். உலகம் பெரிது என்று தொடங்கும் விடை, உலகைப் படைத்தவன், அவனைப் பெற்ற திருமால், திருமால் துயிலும் கடல், கடலைக் குடித்த குறுமுனி என்று ஒன்றையொன்று விஞ்சிக்கொண்டே போய், இறைவனிலும் நிற்காமல், அந்த இறைவனைத் தன்னுள் அடக்கிய தொண்டர் உள்ளத்தில் முடிகிறது. ஏணி முழுவதும் ஏறிப் பார்த்தால் உச்சியில் இருப்பது நேசிக்கிறவரின் நெஞ்சு. ரசிகரின் பட்டியலுக்கும் இது பொருந்தும்: முதலிடம் யாருக்கு என்று தேடிப்போனால் கிடைப்பது, அந்த இடத்தைத் தரத் தக்கதாக விரிந்த ஒரு மனம்.

சுந்தரரிடம் இந்தக் கருத்து முழு வடிவம் பெறுகிறது. திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத் தொகை தமிழின் மிகப் புகழ்பெற்ற பட்டியல். அறுபது தனியடியார்கள், ஒன்பது தொகையடியார்கள். அரசர், வேட்டுவர், குயவர், மீனவர், பாணர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். யார் முதல், யார் கடை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பெயரோடும் வருவது ஒரே வினை: அவருக்கு நான் அடியேன். பட்டியலிடுகிறவர் நடுவராக மேலே அமரவில்லை, பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் கீழே நிற்கிறார். விருப்பப் பட்டியலுக்கு இதைவிட நேர்மையான இலக்கணம் இல்லை. ‘இந்த ஆல்பங்களுக்கு நான் கடன்பட்டவன்’ என்று சொல்கிற பட்டியல் யாராலும் மறுக்கப்பட முடியாதது; ஐந்து ஆண்டு கழித்து மாறினாலும் பொய்யாகாதது. கடன் கூடும், புதுக் கடன் சேரும். பழைய கடன் இல்லையென்று ஆகாது.

தேவாரத்தில் ஒவ்வொரு பதிகமும் தன் தலத்தையே தலையாயதாகப் பாடுகிறது. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல் ஆகிய கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழும் தத்தம் பதிகத்தில் ஈடில்லாதவையே. ஏழும் ஒருசேர முதலாக இருப்பதில் சைவர் முரண் காண்பதில்லை. ஒன்றின் முன் நிற்கும்போது அதுவே எல்லாம். இன்னொன்றின் முன் நிற்கும்போது அது. ஒரு ஆல்பம் முடியும்வரை அதுவே உலகின் சிறந்த ஆல்பம் என்று தோன்றும் அனுபவமும் இந்த வகையைச் சேர்ந்ததே. 2005இல் வந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ இதற்குத் தக்க உதாரணம். ஐம்பத்தொரு பகுதிகள் கொண்ட நூலிலிருந்து எடுத்த வரிகளை ஆறு உருப்படிகளாக அமைத்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு பதிந்தார். ஓதுவார் குரலில் திருவாசகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு அது வேற்று வாசலாகப் பட்டது. அந்த வாசல் வழியாகவே எட்டாம் திருமுறைக்குள் முதன்முதலாக நுழைந்தவர்களும் ஏராளம். இரு தரப்பாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு எண்ணைத் தருவது வீண்வேலை.

தெரிவுக்கும் தரத்துக்கும் அப்பால் ஒன்று உண்டு. கொடுமுடியில் சுந்தரர் பாடிய பதிகம், தான் மறந்தாலும் தன் நா நமச்சிவாய என்று சொல்லும் என்கிறது. ஆராய்ந்து வைத்த முதலிடம் அறிவின் வேலை. தறி ஓட்டும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கேளாமலே வாயில் வந்து நிற்கும் பாட்டு அந்த வரிசையில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. அதை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, அடித்து நீக்கவும் முடியாது. மூவரும் ஆளுக்கொரு நமச்சிவாயப் பதிகம் பாடியிருக்கிறார்கள்: சம்பந்தருடையது மூன்றாம் திருமுறையில், அப்பருடையது நான்காம் திருமுறையில், சுந்தரர் கொடுமுடியில் பாடியது ஏழாம் திருமுறையில். மூன்றையும் ஓதுவோர் இன்றும் உண்டு. எது சிறந்தது என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.